சான்று தேவை

அண்டி ஆபீஸ் முதலாளி செ. மாசிலாமணியின்
வாழ்க்கைக் குறிப்பை
மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தேன்.
மார்த்தாண்டத்தில் கரண்டு போய்ப் போய் வந்த இரவு.

'தொலைநோக்குச் சிற்பி' போயிற்று.
'ஏழைகளின் விடிவெள்ளி' போயிற்று.
'முந்திரி மன்னர்' என்பதை அழிக்கும்போது மட்டும்
விரல் கொஞ்சம் நின்றது.
'முந்திரி ஆலை நடத்தியவர்' என்று போட்டேன்.
நடத்தினார். அதை யாரும் மறுக்கவில்லை.

பெயரிலேயே மாசில்லாத மனிதர்,
கட்டுரையிலாவது கொஞ்சம் இருக்கட்டுமே என்று
முதலில் நினைத்ததையும் சொல்லிவிடுகிறேன்.
அதுவும் சாய்வுதான்.

ஒரு வரி மட்டும் அசையவில்லை:
'பன்னிரண்டு ரூபாய் முதலில் தொழில் தொடங்கினார்.'
சான்று இருந்தது. ஒன்றல்ல, மூன்று.
நாளிதழ் ஒன்றின் இரங்கல் செய்தி,
ஒரு வணிக மாத இதழ்,
யாரோ ஒரு மாணவரின் ஆய்வேடு.
மூன்றின் வாலையும் பிடித்துக்கொண்டு போனால்
மூன்றும் புறப்பட்ட பொந்து ஒன்று:
வெள்ளிவிழா மலர், 1993, பக்கம் நான்கு.

பக்கம் நான்கை அச்சுக் கோத்தவன் நான்.

குழித்துறைப் பாலத்துக்கு இக்கரையில் எபனேசர் அச்சகம்.
ஆனி மழை. விடிந்தால் விழா.
மேனேஜர் தங்கையன் குடையை மடக்காமல் வாசலில் நின்றார்.
எவ்வளவு முதல் என்று கேட்டேன்.
"ஆருக்கு ஓர்மை இருக்கு?
கொறச்சு ஒரு தொகை போடும் வோய்,
வாசிக்கியவனுக்குக் கண்ணு நெறையணும்."

ஏழு ரூபாய் என்றுதான் நினைத்தேன்.
கேஸுக்குள் கைவிட்டால் 'ழு' இல்லை.
எழுஞாயிறே, முழுமதியே, விழுதுவிட்ட ஆலமே என்று
முதல் மூன்று பக்கங்கள்
இருந்த 'ழு'வையெல்லாம் தின்று தீர்த்திருந்தன.
'பன்னிரண்டு' கைக்கு எட்டியது.
கோத்தேன். மை தடவினேன்.
அவருடைய வறுமைக்கு ஐந்து ரூபாய் கூடிற்று.

இப்போது அதை நீக்க என்னால் ஆகாது.
கலைக்களஞ்சியத்தின் விதி நல்ல விதி:
நமக்குத் தெரிந்தால் போதாது,
நம்பத்தகுந்த இடத்தில் அச்சாகியிருக்க வேண்டும்.
பொய் அச்சாகியிருக்கிறது, நான்கு முறை.
அதைப் பொய் என்று சொல்ல நான் ஒருவன் இருக்கிறேன்,
அச்சேறாமல்.

ரோஸ்லெட் கட்டஞ்சாயாவை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள்.
ஒன்பது வருஷம் அங்கே தோடு உடைத்தவள்.
"அண்டிக்கறை பட்டுத் தோலு உரிஞ்சத எழுதலியா?"
சான்று வேணும் என்றேன்.
கையை நீட்டினாள்.
நான் கையைப் பார்த்தேன், விதியைப் பார்த்தேன்,
சாயாவைக் குடித்தேன்.
"அவருக்கு மலர் உண்டு, எனக்கு இல்ல. அதானே?"
அதுதான்.

நாகர்கோவில் நூலகத்தில் மூன்று நாள்,
பைண்டு செய்த பழைய நாளிதழ்கள், தும்மல்.
மூன்றாம் நாள் மாலை, மூடும் மணி அடித்த பிறகு,
1984 ஆவணியில் கிடைத்தது.
தங்கம் விலைக்குக் கீழே நான்கு வரி:
'கையில் பூச எண்ணெய் கேட்டுப் பெண்கள் மறியல்,
கருங்கல் அருகே தனியார் ஆலை ஒன்றில்.'

தனியார் ஆலை ஒன்றில்.
எந்த ஆலை என்று ரோஸ்லெட்டுக்குத் தெரியும்.
மறியலில் இரண்டாவது வரிசையில் நின்றவள் அவள்.
அந்த 'ஒன்றில்' மீது விரலை வைத்துக்கொண்டு
விளக்கு அணையும்வரை உட்கார்ந்திருந்தேன்.
பிறகு, எழுதாமல், பஸ் ஏறினேன்.

செய்தது இவ்வளவுதான்.
பன்னிரண்டு ரூபாய்க்குப் பின்னால்
'என்று நிறுவனத்தின் வெள்ளிவிழா மலர் கூறுகிறது'
என்று சேர்த்தேன்.
உரையாடல் பக்கத்தில் எழுதி வைத்தேன்:
இந்த மலரை அச்சுக் கோத்தவன் நான்.
என் மனைவி இவரிடம் வேலை பார்த்தவள்.
என் கையை நம்ப வேண்டாம்,
வேறு யாராவது சரிபார்க்கவும்.

காலையில் திறந்தேன். யாரும் சரிபார்க்கவில்லை.
'முந்திரி மன்னர்' மட்டும் திரும்பி வந்திருந்தார்,
இந்த முறை சான்றோடு:
வெள்ளிவிழா மலர், பக்கம் ஒன்று.

அந்தப் பட்டம் யார் கொடுத்தது என்று
அன்றைக்குத் தங்கையன்கூடக் கேட்கவில்லை.
தலைப்பில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது.